அடுப்பு குறைந்தால் கடை ஏது?



ஒரு வட்டாரத்தில் வியாபாரம் எப்படியிருக்கும் என்று கணிக்க மொத்த வியாபாரிகளாகிய நாம் முதலில் கேட்பது விளைச்சலைத்தான். எத்தனை லோடு வந்தது, மூட்டை என்ன விலை போனது என்று விசாரிக்கிறோம். விளைச்சல் நன்றாக இருந்தால் கடைவீதியும் நன்றாக இருக்கும் என்பது நமது நெடுநாள் நம்பிக்கை. இந்த நம்பிக்கை எப்போதும் பலிக்காது என்பதற்குக் கனடா நாட்டின் பிரின்ஸ் எட்வர்டு தீவு நல்ல சான்று. தூரதேசமாயிற்றே என்று தள்ளிவிடாமல் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

கனடாவின் பத்து மாகாணங்களில் இதுவே மிகச் சிறியது. பரப்பு சுமார் 5,660 சதுர கிலோமீட்டர். 2021-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜனத்தொகை 1,54,331. செம்மண் பூமி, உருளைக்கிழங்குதான் பிரதான விளைச்சல். அதற்கு அடுத்து மீன்பிடிப்பும் சுற்றுலாவும்.

இந்தத் தீவுக்காரர்களுக்கு நிலம் என்றால் உயிர். காரணம் உண்டு. 1767-ல் தீவு முழுவதையும் 67 பங்குகளாக்கி, லண்டனில் ஒரே நாளில் சீட்டுக் குலுக்கிப் பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். உழுதவன் தலைமுறை தலைமுறையாகக் குத்தகை கட்டினான். பெரும்பாலான நிலச்சொந்தக்காரர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். ரயில் பாதை போட்ட கடன் கழுத்தை நெரித்ததால் 1873-ல் தீவு கனடாவுடன் இணைந்தது. நிலத்தை மீட்பதற்கு 8,00,000 டாலர் தருவதாக அப்போது ஒப்பந்தம். 1875-ல் கட்டாய நிலக் கொள்முதல் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் உழுதவன் சொந்தக்காரன் ஆனான்.

இப்படிக் கிடைத்த நிலத்தில் 1951-ம் ஆண்டில் சுமார் 10,000 பண்ணைகள் இருந்தன. ஒரு பண்ணை சராசரியாகச் சுமார் 100 ஏக்கர். 2021-ல் எண்ணியபோது சுமார் 1,200 பண்ணைகள்தான் மிச்சம். சராசரி அளவோ 400 ஏக்கருக்கு மேல். அதே காலத்தில் உருளைக்கிழங்கு குறைந்ததா என்றால் இல்லை. 1950-களில் பயிரிட்ட பரப்பைவிட 1990-களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பயிரிட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நான்கு பண்ணைகள் ஒன்றானால் கிழங்கு குறைவதில்லை. அடுப்பு நான்கு என்பது ஒன்றாகிறது. நான்கு குடும்பங்கள் வாங்கிய சர்க்கரை, தேயிலை, சோப்பு, ஆணி எல்லாவற்றையும் ஒரு குடும்பம் வாங்காது. பெரிய பண்ணைக்காரர் உரத்தைக் கம்பெனியிலிருந்து லாரியில் இறக்கிக்கொள்வார். கிராமத்துக் கடைக்காரரின் பற்று நோட்டில் பக்கங்கள்தாம் குறையும். மொத்த ஜனத்தொகை கூடியது உண்மையே. கூடியவர்கள் பெரும்பாலும் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தார்கள். கிராமத்துக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இது தானாக நடந்ததா? டிராக்டரும் சந்தை விலையும் பாதிக் காரணம். மீதிக்குத் திட்டம் காரணம். 1966 தேர்தலில் இரு கட்சிகளும் 15-15 என்று சமமாக நின்று, ஒத்திவைக்கப்பட்ட ஒரு தொகுதியின் இரண்டு இடங்களை வென்று அலெக்ஸ் கேம்ப்பெல் முதல்வரானார். 1969-ல் மத்திய அரசோடு 15 ஆண்டுக்கான விரிவான வளர்ச்சித் திட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். மதிப்பீடு 72.5 கோடி டாலர். சிறு பண்ணைகளை ஒன்றுசேர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தக் காலத்திலேயே ஓரறைக் கிராமப் பள்ளிகளும் மூடப்பட்டன. நல்ல சாலையும் பெரிய பள்ளியும் வந்தன. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் பள்ளி போன ஊரில் கடையும் நிலைப்பதில்லை.

1979-ல் முதல்வரான ஆங்கஸ் மக்லீன் கிராம வாழ்வைக் காப்பதே தம் கொள்கை என்றார். புதிய வணிக வளாகங்கள் கட்டத் தடை விதித்தார். 1982-ல் வந்த நிலப் பாதுகாப்புச் சட்டம் தனி மனிதருக்கு 1,000 ஏக்கர், கம்பெனிக்கு 3,000 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. குளிர்பானம் மீண்டும் நிரப்பக்கூடிய பாட்டிலில்தான் விற்கவேண்டும் என்ற விதியும் 2008 வரை அங்கே இருந்தது. சின்னஞ்சிறு மாகாணம் பெரிய கம்பெனிகளைப் பார்த்து, "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று சொல்லிப் பார்த்தது. அது பாராட்டத்தக்கது.

எல்லாம் நிலைத்ததா? இல்லை. சார்லட்டவுன் நகரைச் சுற்றி இன்று பெரிய சங்கிலிக் கடைகள் நிற்கின்றன. சட்டத்தின் ஓட்டை வழியாக நிலம் சேர்க்கிறார்கள் என்ற புகார் இன்னும் அடங்கவில்லை. 1988-ல் மக்களிடம் வாக்கெடுத்து, சுமார் 59 சதவீதம் பேர் சம்மதித்த பிறகு, 1997-ல் 12.9 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. கிழங்கு லாரி இனிப் படகுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பாலத்துக்கு இரண்டு முனை உண்டு. அக்கரைச் சரக்கும் அதே வழியில்தான் வருகிறது. ஒரே விளைச்சலை நம்பியதன் ஆபத்தும் தெரிந்தது. 2021 நவம்பரில் கிழங்கு நோய் ஒன்றைக் காரணம் காட்டி அமெரிக்காவுக்குப் பச்சைக் கிழங்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. உணவுக்கான கிழங்கு மீண்டும் போக 2022 ஏப்ரல் ஆயிற்று. அதற்குள் கோடிக்கணக்கான பவுண்டு நல்ல கிழங்கை வயலிலேயே அழித்தார்கள்.

தீவு தடுத்தது, ஆனால் தாமதமாகத் தடுத்தது என்பதே நமது கருத்து. வணிக வளாகத்துக்கும் நிலத்துக்கும் கட்டுப்பாடு வந்தபோது பத்தாயிரம் பண்ணைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. வாங்குகிறவனைக் காப்பாற்றாமல் விற்கிறவனை மட்டும் சட்டத்தால் காப்பாற்ற முடியாது.

நமது சங்கக் கூட்டங்களில் ஜி.எஸ்.டி., தராசு முத்திரை, உரிமக் கட்டணம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். பெரிய கடைகள் வருவதை எதிர்த்துக் கதவடைப்பும் செய்கிறோம். சுற்றுக் கிராமத்தில் சிறு விவசாயி நிலத்தை விற்கும்போதும், பள்ளி மூடப்படும்போதும், பேருந்து நிற்கும்போதும் "அது விவசாயி பாடு" என்று இருந்துவிடுகிறோம். அது நம் பாடும்தான். வட்டாரத்துக்கு ஒரு திட்டம் வருகிறது என்றால் எத்தனை கோடி முதலீடு என்று கேட்பதோடு நிற்காமல், திட்டம் முடியும்போது எத்தனை குடும்பம் அங்கே இருக்கும் என்று சங்கத்தின் பெயரால் எழுதிக் கேட்போம். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் பகுதியில் பத்து வருடத்துக்கு முன் எத்தனை வீட்டுக்கு மளிகை போனது, இன்று எத்தனை வீட்டுக்குப் போகிறது என்று பழைய பேரேட்டைப் புரட்டி ஒரு கணக்கு எடுக்கட்டும். அந்தக் கணக்கோடு அடுத்த பொதுக்குழுவுக்கு வருவோம்.