‘வீட்டில் வைத்துப் பாருங்கள்’: எந்த வீட்டில்? யாருடைய கூலியில்?

அண்மையில் மலையாளத்திலிருந்து தமிழாக்கம் செய்வதற்காக ஒரு நலவாழ்வு அறிவிப்பு என்னிடம் வந்தது. சின்னம்மை கண்ட குழந்தையை வீட்டில் எவ்வாறு பராமரிப்பது என்பது அதன் பொருள். குழந்தையைக் காற்றோட்டமுள்ள தனி அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுமாறு அது அறிவுறுத்தியது. மருத்துவ நோக்கில் அதில் பிழையேதும் இல்லை. ஆயினும் ‘தனி அறை’ என்ற இரு சொற்களையும் எழுதி முடித்தபின் என்னால் மேலே செல்ல இயலவில்லை. இந்தத் தமிழை வாசிக்கப்போகிறவர் யார் என்ற கேள்வி எழுந்துவிட்டது.

தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண் இதை வாசிப்பார். அவருடைய லயத்து வீடு பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டையும் கம்பம்மெட்டையும் கடந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் பெண்ணும் வாசிப்பார். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பகுதிகளின் விவசாயக் கூலிப் பெண்ணும் வாசிப்பார். இவர்களுக்குத் தனி அறை எங்கே? உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார்? அந்த நாட்களின் கூலியைத் தருபவர் யார்? அறிவிப்பில் விடையில்லை. அதை எழுதிய ஊழியரைக் குறைகூறிப் பயனில்லை. அரசும் தோட்ட முதலாளிகளும் விடைசொல்ல வேண்டும். ஓரளவுக்கு நாமும் சொல்ல வேண்டும்.

பராமரிப்பு என்னும் வேலை

சின்னம்மை வைரசால் வரும் நோய். தொற்றிய 10 முதல் 21 நாட்களுக்குள் வெளிப்படும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை பிறருக்குப் பரவும். பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே நலமடைகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த நலம் தானாக வருவதில்லை.

காய்ச்சலுக்குக் குழந்தையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் தரவேண்டும். ஆஸ்பிரின் அறவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது இடமளிக்கும். இப்யூபுரூஃபனையும் தவிர்க்க வேண்டும். நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டவேண்டும். அரிப்புக்குக் காலமைன் தடவலாம். வாய்க்குள் புண்ணாகி உண்ண மறுக்கும் குழந்தைக்குக் கஞ்சியும் மோரும் இளநீரும் சிறிது சிறிதாகப் புகட்டவேண்டும். இரவில் சொறிந்துகொள்ளாதபடி விழித்திருந்து கவனிக்கவேண்டும். காய்ச்சல் நான்கு நாள் கடந்தும் தணியாமை, மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு, கழுத்து விறைப்பு, கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். பச்சிளங்குழந்தை, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தை, கர்ப்பிணி ஆகியோருக்குத் தொற்று ஏற்பட்டதாக ஐயம் எழுந்தாலே காத்திருக்கக் கூடாது.

இதே பணியை மருத்துவமனையில் செய்யும் செவிலியருக்குப் பணிநேரம் உண்டு, ஊதியம் உண்டு. லயத்தில் செய்யும் தாய்க்கு இரண்டும் இல்லை. ஒரே வீட்டில் நோய் எதிர்ப்பாற்றல் பெறாதவர்களுள் பத்தில் ஒன்பது பேர்வரை இந்நோய் தொற்றக்கூடும். முதல் குழந்தை எழுந்து நடமாடத் தொடங்கிச் சில நாட்களில் இரண்டாவது குழந்தை படுக்கும். குழந்தைக்கு ஏழு நாள் என்று கொண்டாலும், ஒரு மாத காலத்துக்குள் பதினான்கு நாள் கூலி போய்விடும். அதைத் தாங்க முடியாத குடும்பத்தில் என்ன நடக்கும்? மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று தம்பியைப் பார்த்துக்கொள்வாள். அல்லது தளர்ந்த பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு, அரை மனத்தோடு தாய் ஜீப்பில் ஏறுவாள்.

சட்டம் காணாத நோய்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவ வசதி, குழந்தைகள் காப்பகம், தொழிலாளிக்கு நோய்க்காலப் பணப்பயன் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. அதன் ஒவ்வொரு பிரிவையும் நடைமுறைக்குக் கொண்டுவரத் தொழிற்சங்கங்கள் போராட வேண்டியிருந்தது. ஆயினும் அச்சட்டம் கண்ட நோய் தொழிலாளியின் நோய் மட்டுமே. அவர் குழந்தையின் நோயை அது காணவில்லை. அம்மை கண்ட குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. அந்த நாட்களில் தாய்க்குக் காப்பகமும் இல்லை, கூலியும் இல்லை. இன்று அந்தச் சட்டமும் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துவிட்டது.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய அரசின் பெண் ஊழியர் தம் பணிக்காலத்தில் குழந்தைப் பராமரிப்புக்காக 730 நாட்கள் ஊதியத்துடன் விடுப்பு எடுக்கலாம். அது போராடிப் பெற்ற நியாயமான உரிமை. சுவீடனில் நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு, குழந்தை ஒன்றுக்கு ஆண்டில் 120 நாட்கள்வரை சமூகக் காப்பீடு உதவித்தொகை தருகிறது. ஏலக்காய் எடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாள்கூட இல்லை. அவருடைய குழந்தைக்கு மட்டும் அம்மை இலகுவாகப் போடுமா?

இன்று கொழுந்து பறிக்கும் கையையும் நாளை பறிக்கப்போகும் கையையும் ஆளாக்கித் தருவது வீட்டுப் பராமரிப்பே. அதன் பலனை மூலதனம் விலை கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறது. ‘வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற அன்பான சொற்றொடருக்குள் இந்தக் கணக்கு மறைந்திருக்கிறது.

வேப்பிலையைக் கண்டு நகைப்போர்

நம் தோழர்களுள் சிலர், வாசலில் செருகிய வேப்பிலையைக் கண்டதும் மூடநம்பிக்கை என்று நகைத்துவிட்டுக் கடந்து செல்கிறார்கள். அம்மை கண்ட குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை மருந்தே கூடாது என்ற வழக்கம் தீங்கானது. அதைத் தாய்மாரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் அயலார் நுழைவதில்லை. அவ்வீட்டார் விசேடங்களுக்குச் செல்வதில்லை. எந்த அரசாணையும் இன்றி ஊர் கடைப்பிடித்த தனிமைப்படுத்தல் அது. மருத்துவமனைக்குச் செல்ல ஜீப் வாடகை வேண்டும்; வேப்பிலைக்கு வேண்டாம். நம்பிக்கையை மட்டும் சாடிவிட்டு வாடகையைப் பற்றிப் பேசாதவரின் பகுத்தறிவு அரைகுறையானது.

‘சிறிய நோய்’ என்னும் வாதம்

சின்னம்மைத் தடுப்பூசியை ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி 1974இல் உருவாக்கினார். அமெரிக்கா 1995இலும் ஜப்பான் 2014இலும் எல்லாக் குழந்தைகளுக்குமான திட்டத்தில் அதைச் சேர்த்தன. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கு இடமில்லை. தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்கே ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் வருமானம் போய்விடும்.

நோய் சிறியது, உயிரிழப்பு குறைவு, ஆகவே முன்னுரிமை இல்லை என்கிறார்கள். குறைந்த விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் போட்டால், நோய் கடுமையாகத் தாக்கும் பெரியவர்களின் வயதுக்கு அது நகரும் என்றும் எச்சரிக்கிறார்கள். இரண்டாவது எச்சரிக்கை அறிவியல்பூர்வமானது; உலக நலவாழ்வு நிறுவனமும் அதைச் சொல்கிறது. ஆனால் தடுப்பூசியைச் சந்தையிடம் விட்டுவிட்டால் நிகழ்வது என்ன? பணமுள்ள சிறுபான்மையின் பிள்ளைகள் மட்டும் போட்டுக்கொள்வார்கள். எச்சரிக்கப்பட்ட அதே குறைந்த விழுக்காடு! இந்த வாதத்தின் முடிவு, அனைவருக்கும் இலவசமாகப் போடுவதே அன்றி, யாருக்கும் போடாமல் இருப்பதன்று.

பெரியம்மையின் வரலாறு நமக்குத் தெரியும். அதை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்ற முன்மொழிவை 1958இல் உலக நலவாழ்வுப் பேரவையில் வைத்தவர் சோவியத் மருத்துவர் விக்டர் ஸ்தானோவ். சோவியத் நாடு அனுப்பிய தடுப்பூசி இந்தியக் கிராமங்களை வந்தடைந்தது. 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. சந்தை அதைச் செய்யவில்லை.

நமது பட்டியல்

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் போனசுக்காகச் சாலையில் அமர்ந்தபோது, எல்லாச் சங்கங்களின் தலைமையையும் விலக்கி வைத்தார்கள். நம்மையும்தான். கூலியையும் போனசையும் பேசிய நாம், அவர்களுடைய வீட்டையும் குழந்தையையும் உடலையும் பட்டியலின் கடைசி வரிக்குத் தள்ளியிருந்தோம். அந்தப் பாடத்தைத் தீர்மானங்களில் எழுதினோம். கோரிக்கைப் பட்டியலில் இன்னும் எழுதவில்லை.

இப்போது எழுதுவோம். குழந்தை தொற்றுநோயுற்ற நாட்களுக்குத் தாய்க்கோ தந்தைக்கோ கூலியுடன் விடுப்பு வேண்டும். தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் ஜீப்பில் வருவோருக்கும் அது பொருந்த வேண்டும். எல்லை தாண்டி வேலைக்கு வருவோரின் உரிமைக்குக் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். லயங்களுக்குப் பதிலாக, அறை பிரித்த வீடுகள் வேண்டும். சின்னம்மைத் தடுப்பூசியை மத்திய அரசு இலவசத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். எல்லைப் பகுதிகளின் நலவாழ்வு அறிவிப்புகள் தமிழிலும், வடக்கிலிருந்து தோட்டங்களுக்கு வந்துள்ள தொழிலாளர்களின் மொழிகளிலும் வெளிவர வேண்டும்.

அந்த அறிவிப்பைத் தமிழாக்கி அனுப்பிவிட்டேன். ‘தனி அறை’ என்றே எழுதினேன். மொழிபெயர்ப்பாளனுக்கு மூலத்தை மாற்றும் உரிமை இல்லை. லயத்தின் நிலையை மாற்றும் கடமை இயக்கத்துக்கு உண்டு. அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை வைக்கும் தோழர்கள், கூட்டத்துக்கு வர இயலாமல் குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண் தோழர்களின் வீடுகளுக்கு முதலில் சென்று கேட்டுவிட்டு வைக்கட்டும்.