மாரட்டுன்னா யாரு?

“மதுரையில என்ன இருக்கு? கோயிலைப் பார்த்தாச்சு, மகாலைப் பார்த்தாச்சு, ஜிகர்தண்டா குடிச்சாச்சு.” வெளியூர்க்காரர் இப்படிச் சொன்னால் சரி என்று விட்டுவிடலாம். வடக்கு மாசி வீதியில் பிறந்து வளர்ந்தவரே சொன்னால்?

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகி இரண்டு வருடம். பிள்ளைகள் பெங்களூரில். சர்க்கரை இருப்பதால் டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். மொட்டை மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடப்பார், கண் முழுக்கப் போனில். பத்தாயிரம் அடி ஆகாமல் இறங்க மாட்டார். (அந்தப் பத்தாயிரம் ஒன்றும் வைத்தியர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததில்லை. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயருக்கு அர்த்தமே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. அங்கே கிளம்பிய எண் நம் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.)

“கீழே இறங்கி நடங்கண்ணே” என்றால், “தெருவுல பார்க்க என்னம்மா இருக்கு?” என்பார். ஒருநாள் நானும் விடவில்லை. “மாரட் வீதிக்கு எத்தனை தடவை போயிருப்பீங்க? மாரட்டுன்னா யாரு?” என்றேன். முழித்தார்.

மதுரையைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தார். அந்த வேலையில் நின்ற சர்வேயர்தான் மாரட். கூட நின்ற மேஸ்திரி பெருமாள். இரண்டு பேர் பெயரிலும் இன்றைக்கும் தெரு இருக்கிறது. கலெக்டர் பெயரில் தெரு வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. மேஸ்திரி பெயரில் வைத்த ஊர் எத்தனை இருக்கும்? கலெக்டருக்கு நினைவாக நின்றது விளக்குத்தூண். கோட்டை போன இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். கீழவாசல், தெற்குவாசல் என்று பஸ் கண்டக்டர் தினமும் கூவுகிறார், அந்த வாசல்களைத்தான் காணோம்.

உள்ளே வந்தால் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று காலண்டரையே தெருவாகப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஏன் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். மாதம் மாறிவிட்டது, பாதை மாறவில்லை.

மறுநாளே அண்ணன் தெருவில் இறங்கிவிட்டார்.

எங்கள் தெருக்களில் நடக்கக் காலை ஆறு மணிதான் சரி. ஒன்பதுக்கு மேல் நடைபாதை கடைக்குப் போய்விடும், மிச்சம் பைக்குக்கு, அதிலும் மிச்சம் லோடு ஆட்டோவுக்கு. இன்னொரு காரணமும் உண்டு. கடை திறந்திருந்தால் கண் சரக்குக்குத்தான் போகும். ஷட்டர் மூடியிருக்கும்போதுதான் அண்ணாந்து மாடியைப் பார்ப்போம். அனுமந்தராயன் கோயில் தெருவில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வீட்டு முகப்பில் இருக்கும் வீணையை அப்படித்தான் பார்க்க முடியும். மேலமாசி வீதியில் ஒரு கதர்க்கடை. 1921 செப்டம்பர் 22-ந் தேதி, அந்த வீட்டில் தங்கியிருந்த காந்தி அரை வேட்டிக்கு மாறி வெளியே வந்தார். பத்துத்தூண் சந்தில் நாயக்கர் அரண்மனையின் மிச்சமாக ராட்சசத் தூண்கள் நிற்கின்றன. துணி எடுக்க எத்தனையோ தீபாவளிக்கு அந்தச் சந்துக்குப் போயிருக்கிறோம். தூணை எண்ணிப் பார்த்தவர் யார்?

அண்ணன் எண்ணினார். எண்ணியதை வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னார். பருத்திப்பால் வண்டி அக்கா, பூக்கட்டும் பையன், சைக்கிளில் பேப்பர் போடுகிறவர், எல்லாரும் பழக்கமானார்கள்.

போன மாதம் ஒரு காலை விளக்குத்தூண் பக்கம் போகும்போது திடீரென்று படபடப்பு, வேர்வை, கை நடுக்கம். சர்க்கரை இறங்கிவிட்டது. போனை எடுக்கக்கூட முடியவில்லை. பருத்திப்பால் அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “டேய், மாடியப் பாத்துக்கிட்டே போவாரே அந்த சார், அவரு வீட்டுல சொல்லிட்டு வா” என்று பூக்கட்டும் பையனை விரட்டியிருக்கிறார். பையனுக்குப் பெயர் தெரியாது, வீடு தெரியும். இதே மயக்கம் மொட்டை மாடியில் வந்திருந்தால், கீழே மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணிக்குக் கூப்பிட்ட சத்தமாவது கேட்டிருக்குமா? (சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் நடக்கப் போகும்போது பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் இப்போது வைத்துக்கொள்கிறார்.)

ஒரு வருத்தமும் உண்டு. அந்த ஸ்டூலுக்குப் பதிலாக முன்பெல்லாம் திண்ணை இருந்தது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கேள்வி கிடையாது. வீடுகள் ஒவ்வொன்றாகக் குடோன் ஆக ஆக, திண்ணையைத்தான் முதலில் இடிக்கிறார்கள். எங்கள் சந்தில் இன்னும் இரண்டு பாக்கி. தெருவில் நடக்கிறவர் குறைந்தால் அதுவும் எதற்கு என்று ஒருநாள் தோன்றிவிடும்.

அம்மன் சன்னதி பக்கம் போனால் எழுகடல் தெருவைத் தவறவிடாதீர்கள். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலைக்குக் கடலில் நீராட ஆசை. வயதான மாமியாரை எதற்கு அலைய வைப்பது என்று, சொக்கநாதர் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்தாராம். திருவிளையாடல் புராணத்தில் வருகிற கதை. இப்போது சுற்றிலும் கடைகள்தான். போன வாரம் அங்கே ஒரு கடைக்காரரிடம், “அண்ணாச்சி, கடல் எங்க?” என்று கேட்டேன். வளையல் பெட்டியை அடுக்கியபடியே, “நீங்க நிக்கிற எடந்தாம்மா” என்றார்.

உங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? வீட்டில் மூத்தவர் யாரையாவது கேட்டு எழுதி அனுப்புங்கள்.