பாறையும் பக்கத்து வீடும்

அண்டை வீட்டாருக்குள் பூசல் மூள்வதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டுவதில்லை. வேலியோரத்தில் சாய்ந்த ஒரு மரக்கிளை போதும். வாசலை மறித்து நிறுத்திய ஒரு வண்டி போதும். நள்ளிரவில் எழுந்த ஒரு சிரிப்பொலி போதும். ஆண்டாண்டுக் காலமாக அசையாது கிடக்கும் ஒரு பாறைகூட மனிதர்களைப் பகைவர்களாக்கிவிடக் கூடும். அப்படிப்பட்ட ஒரு பாறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையில் பெர்க்லி என்னும் நகரம் உள்ளது. அதன் வடபகுதிக் குன்றுச் சரிவில், வீடுகளுக்கு நடுவே, இந்தியன் ராக் என்று அழைக்கப்படும் பெரும்பாறை ஒன்று எழுந்து நிற்கிறது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான ரையோலைட் என்னும் வன்கல் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சரிவை மனைகளாகப் பிரித்து விற்ற மேசன்–மெக்டஃபி நிறுவனத்தார், அப்பாறையை உடைத்து வீட்டுமனையாக்காமல், 1917-இல் பொதுமக்களின் பூங்காவாக நகரத்திற்கு வழங்கினார்கள். கல்லிலேயே வெட்டிய படிகளில் ஏறி உச்சியை அடைந்தால், விரிகுடாவும் அதற்கப்பால் கோல்டன் கேட் பாலமும் கண்ணுக்குத் தெரியும். கதிரவன் மறைவதைக் காண மாலைதோறும் அங்கே மக்கள் கூடுவர்.

காட்சி காண வருவோரினும் விடாப்பிடியாக வருவோர் பாறையேறுவோர். ரிச்சர்ட் லியோனார்ட், டேவிட் பிரௌவர் ஆகியோர் 1930-ஆம் ஆண்டுகளில் பெர்க்லிப் பாறைகளில்தான் பயின்றார்கள். விழுபவரைக் கயிற்றால் தாங்கிப் பிடிக்கும் முறையை லியோனார்ட் செம்மைப்படுத்தினார். அந்நாள் தொட்டு இன்றுவரை இளைஞர்கள் அங்கே திரள்கிறார்கள். கயிறின்றிக் குறைந்த உயரத்தில் ஏறும் கலைக்கு இன்று போல்டரிங் என்று பெயர். விழுந்தால் தாங்குவதற்குத் தரையில் தடித்த மெத்தை. வியர்வையில் விரல் வழுக்காதிருக்க மக்னீசியம் கார்பனேட் என்னும் வெண்பொடி. ஊக்கமூட்டத் தோழர்களின் குரல். இவ்வளவே அதற்கு வேண்டியவை.

இந்த மூன்றும்தான் ஊர்நடுப் பாறைகள் எங்கும் வழக்கைக் கொண்டு வருகின்றன. ஏறுவோருக்கு ஊக்கமாகப்படும் குரல், அடுத்த வீட்டில் குழந்தையை உறங்க வைக்கும் தாய்க்கு இரைச்சலாகிறது. வெண்பொடி கல்லின் முகத்தில் தழும்பாகப் படிகிறது. மெத்தை சுமந்து வரும் வண்டிகள் குறுகிய தெருவை அடைத்துக்கொள்கின்றன. “எங்கள் அமைதியைப் பறித்துவிட்டார்கள்” என்பார் வீட்டார். “இது பொது இடம், எங்களைத் தடுக்க நீங்கள் யார்?” என்பார் ஏறுவோர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இருவர் உண்மைகள் மோதும்பொழுது தீர்ப்புக் கூறுவதுதான் கடினம்.

அன்புடையீர்! இவ்வழக்கு நம் மார்க்கத்துக்குப் புதியதன்று. பாதையோரங்களில் அமர வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களை எச்சரித்தார்கள். கூடிப் பேசுவதற்கு எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டார்கள். அந்த முறையீட்டை அண்ணலார் (ஸல்) அவர்கள் புறக்கணிக்கவில்லை. அமர்ந்துதான் ஆகவேண்டுமென்றால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று பணித்தார்கள். அவ்வுரிமை யாது என்று வினவியபோது, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் துன்பம் தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் உரைப்பது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருநூல்களும் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளன.

இதனை நன்கு சிந்தியுங்கள். எங்களுக்கு வேறு இடமில்லை என்பதுதான் பெர்க்லி இளைஞரின் குரலும். அவருக்கும் அதே விடைதான். பொது இடம் என்பது பொறுப்பற்ற இடம் என்று பொருள்படாது. அதனை நுகர எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அவ்விடத்துக்கும் நம்மீது உரிமை உண்டு. வீடுகளின் சாளரங்களுக்கு எதிரே உயரத்தில் நிற்பவன் பார்வையைத் தாழ்த்துவது எத்துணை இன்றியமையாதது! தாழ்த்த வேண்டியது பார்வையை மட்டுமன்று, குரலையுந்தான். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில், நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் வேண்டும் என்பதைத் திருமறை எடுத்துரைக்கிறது. மற்றோரிடத்தில், பூமியில் செருக்குடன் நடவாதே, நீ மலைகளின் உயரத்தை எட்டிவிடப் போவதில்லை என்று இறைவன் மனிதனை எச்சரிக்கின்றான். மலையேறுவோர் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள இதனினும் பொருத்தமான அறிவுரை ஏது?

உடலை வலுப்படுத்தும் விளையாட்டை இஸ்லாம் வெறுக்கவில்லை. ஓட்டப் பந்தயத்தையும் அம்பெய்தலையும் அண்ணலார் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். உஹது மலை நம்மை நேசிக்கிறது, நாமும் அதனை நேசிக்கிறோம் என்று சொன்ன திருவாய் அது. எனவே பாறையை நேசிப்பது குற்றமன்று. அந்நேசம் அண்டை வீட்டாரை மறக்கச் செய்வதே குற்றம். எவனுடைய தீங்கிலிருந்து அவன் அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவன் ஈமான் கொண்டவனல்லன் என்று மும்முறை ஆணையிட்டு உரைக்கப்பட்ட நபிமொழியை நாம் அறிவோம். அச்சமற்று என்னும் சொல்லைக் கவனியுங்கள். தீங்கு செய்யாதிருந்தால் மட்டும் போதாது. இன்றிரவு என்ன ஆரவாரம் வருமோ என்ற அச்சமும் அடுத்த வீட்டாருக்கு இருக்கலாகாது.

இனி வீட்டாரின் பக்கம் திரும்புவோம். அவர்களுக்கும் மார்க்கம் கூறும் பாடம் உண்டு. அண்டை வீட்டான் தன் சுவரில் ஓர் உத்தரத்தை ஊன்ற விரும்பினால் தடுக்கலாகாது என்று அறிவுறுத்தினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். சொந்தச் சுவரிலேயே பிறருக்கு இடங்கொடுக்கச் சொல்லும் மார்க்கம், பொதுவான பாறையைத் தன் முற்றமாகக் கருத எங்ஙனம் இசையும்? 1917 முதல் அப்பாறை மக்கள் சொத்து. அதனருகே பின்னர் வீடு வாங்கியோர், பாறையின் அழகையும் அதன் பக்கத்து மனை என்ற மதிப்பையும் சேர்த்தே வாங்கினார்கள். அழகு எனக்கு, ஆரவாரம் உனக்கு வேண்டாம் என்பது நீதியாகாது. மெத்தை சுமந்து வருபவரையெல்லாம் போக்கிரியென்று ஐயுறுவதும் தகாது. ஐயங்களுள் பலவற்றை விலக்குமாறு அல்-ஹுஜுராத் அத்தியாயம் ஆணையிடுகிறது.

அப்படியாயின் தீர்வு என்ன? மதீனாவில் நிகழ்ந்த வழக்கொன்று நமக்கு வழிகாட்டுகிறது. ஹர்ராவிலிருந்து வந்த நீரோடை முதலில் ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டத்தையும், பிறகு அன்சாரி ஒருவரின் தோட்டத்தையும் அடைந்தது. இருவருக்கும் வழக்கு மூண்டது. முதலில் அண்ணலார் (ஸல்) அவர்கள், ஸுபைரே, உம் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு அண்டையாருக்கு நீரை விட்டுவிடும் என்று இருவருக்கும் இணக்கமான வழியைக் காட்டினார்கள். உறவினர் என்பதால் இத்தீர்ப்போ என்று அன்சாரி கடிந்து பேசவே, அண்ணலாரின் முகம் மாறிற்று. அதன் பின்னரே, நீர் வரப்பளவு நிறையும்வரை தேக்கிக்கொள்ளுமாறு ஸுபைருக்கு முழு உரிமையையும் வழங்கினார்கள்.

இந்நிகழ்ச்சியின் நுட்பத்தைக் காணுங்கள். முதல் தீர்ப்பு விட்டுக்கொடுத்தலின் தீர்ப்பு. இரண்டாவது சட்டத்தின் தீர்ப்பு. விட்டுக்கொடுத்தலை மறுத்தவருக்குச் சட்டத்தில் கிடைத்தது முன்னதைவிடக் குறைவே. நகர மன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஓடுவோர் இதனை மறக்கலாகாது. பூங்காவை மூடச்செய்து வீட்டார் வெல்லலாம். தம் உரிமையை நிலைநாட்டி ஏறுவோர் வெல்லலாம். வென்றவர் மறுநாள் காலையிலும் தோற்றவரின் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

பாறையேறுவோரிடையே இவ்வுண்மையை உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. 1991-இல் அமெரிக்காவில் அமைந்த அக்ஸஸ் ஃபண்ட் என்னும் சங்கம், உரிய இடத்தில் வண்டி நிறுத்துங்கள், சிறு குழுவாகச் செல்லுங்கள், ஓசையைக் குறையுங்கள், வெண்பொடியைத் துடைத்துவிடுங்கள், குப்பையைச் சுமந்து திரும்புங்கள் என்றெல்லாம் தன் தோழர்களை வற்புறுத்தி வருகிறது. பாதையிலிருந்து இடையூறு அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகப் போற்றும் நமக்கு இவை அந்நியமான சொற்களல்ல.

இவ்விரு சாராரும் மறந்துவிடும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. இந்தியன் ராக்கின் அருகிலேயே மார்ட்டர் ராக் என்றொரு பாறை இருக்கிறது. அதில் உரற்குழிகள் காணப்படுகின்றன. அந்நிலத்தின் பழங்குடியினரான ஒலோனி மக்கள் ஓக் மரத்துக் கொட்டைகளை இட்டு இடித்து மாவாக்கி உணவு சமைத்த குழிகள் அவை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் உலக்கை பிடித்த இடத்தில் நின்றுகொண்டு, இது என்னுடையது என்று இன்று இருவர் வாதிடுகின்றனர்! பிரௌவர் இன்னும் மூவரோடு 1939-இல் முதன்முதலாக ஏறி முடித்த ஷிப்ராக் சிகரம் நவஹோ மக்களுக்குப் புனிதமானது. அங்கே ஏறுவது 1970-இல் தடுக்கப்பட்டது. நிலம் யாருடையது என்னும் வினாவுக்கு, நமக்கு முன் இருந்தவர்களையும் சேர்த்தே விடை காண வேண்டும். நமக்குப் பின் வருவோரும் அதே வினாவை எழுப்புவர். வானங்களிலும் பூமியிலும் உள்ளவை அனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியவை; நாம் சில நாள் தங்கிச் செல்லும் குடிகளே.

சகோதரர்களே! தொலைதேசத்துப் பாறையின் கதை நமக்கு எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். இன்று ஜும்ஆ நாள். தொழுகைக்கு விரையும் அவசரத்தில் நம் வண்டியை யாருடைய வாசலில் நிறுத்தினோம்? அந்த வீட்டில் நோயாளி இருந்தால் அவசரத்துக்கு எப்படி வெளியேறுவார்? திருமண வீட்டின் ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு ஓய்ந்தது? தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாயினும், அது நம் அண்டை வீட்டுப் பிள்ளையல்லவா? அதே சமயம், தெருவில் பந்தாடும் சிறுவர்களின் பந்தைப் பறித்து வைத்துக்கொள்ளும் பெரியவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்: இவர்கள் ஆடுவதற்கு நாம் விட்டுவைத்த திடல் எங்கே?

தொழுகையிலும் நோன்பிலும் தருமத்திலும் சிறந்து விளங்கியும், அண்டை வீட்டாரை நாவால் நோகடித்த ஒரு பெண்மணியைப் பற்றி நாயகத்திடம் (ஸல்) கூறப்பட்டபோது, அவள் நரகத்துக்குரியவள் என்றார்கள். வணக்கத்தின் மலையை ஏறிவிட்டோம் என்று இறுமாந்திருப்போரை நடுங்கச் செய்யும் சொல் இது. அண்டை வீட்டின் வாசற்படியில் இடறி விழுந்தவருக்கு அவ்வளவு உயரம் ஏறியதால் என்ன பயன்?

இன்று தொழுகை முடிந்து திரும்பும்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எங்களால் உங்களுக்குத் தொல்லை ஏதும் உண்டா என்று ஒரு சொல் கேளுங்கள். கேட்பவர் முந்திக்கொண்டால் பூசல் பிந்திவிடும். அண்டையாரின் நெஞ்சில் அச்சத்தை அகற்றி அன்பை விதைப்போராக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.