கவுன்சலிங் துறையில் தொடக்கநிலை வேலைகள்: சங்கத்தின் நிலைப்பாடு

நமது சங்கத்தின் செலாயாங் சேவை மைய வாசல் பலகையில் சென்ற மாதம் ஒட்டிய விளம்பரம் மூன்றே வரிதான். ‘ஜூனியர் கவுன்சலர் தேவை. எஸ்பிஎம் போதும், தமிழ் நன்றாகப் பேச வேண்டும். மாதப் படி 800 ரிங்கிட்.’ முதல் அழைப்பு ஒரு பெரியவருடையது. வீட்டுக்கு முன்னால் லோங்காங் (கழிவுநீர்க் கால்வாய்) அடைத்துக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது, எப்போது ஆள் அனுப்புவீர்கள் என்று கேட்டார். கவுன்சலரை அவர் நகராண்மைக் கழகக் கவுன்சிலர் என்று படித்திருந்தார். மையத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஓர் அழைப்புக்கு மட்டும்தான்.

பிறகு வந்தவை வேறு மாதிரி. எஸ்பிஎம் எனும் பள்ளி இறுதித் தேர்வை முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள், சைக்காலஜி பட்டம் வாங்கியும் வழி தெரியாமல் நிற்பவர்கள், குழந்தைகள் பள்ளிக்குப் போனபின் வேலை தேடும் தாய்மார்கள் எனப் பலர் விண்ணப்பம் கேட்டார்கள். இன்னொரு பக்கம், சங்கத்தில் உறுப்பினர்களாக இருக்கும் பதிவு பெற்ற கவுன்சலர்கள், “நாங்கள் வருடக்கணக்கில் படித்து வாங்கிய பெயரை 800 வெள்ளிக்கு விற்கிறீர்களா?” என்று கேட்டார்கள். செயற்குழு இரண்டு முறை கூடியது. முதல் கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. இரண்டாவது கூட்டத்தில் ஏற்கப்பட்டதே இந்த அறிக்கை. எல்லா வரிக்கும் எல்லாரும் உடன்பட்டதாகச் சொல்வதற்கில்லை. உடன்படாத இடங்கள் அங்கங்கே குறிக்கப்பட்டுள்ளன.

மையத்தின் கதையை உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் கோவிட் முடக்கத்தில் செலாயாங் பாருவிலும் மொத்த வியாபாரச் சந்தையைச் சுற்றியும் முள்கம்பி விழுந்தபோது, உணவுப் பொருளுக்குப் பெயர் எழுதிக்கொள்ளப் போனை எடுத்த மையத்தின் பிள்ளைகளிடம் சனங்கள் அரிசி பருப்பை மட்டுமா பேசினார்கள்? மனக்கஷ்டத்தையும் கொட்டினார்கள். யார் கவுன்சலர் என்ற இன்றைய குழப்பமும் அன்று தொடங்கியதுதான்.

1. பெயர்

விளம்பரம் தவறு. மலேசியாவின் 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி (சட்டம் 580), கவுன்சலர் வாரியத்தில் பதிவு செய்து, காலாவதியாகாத தொழில் சான்றிதழும் வைத்திருப்பவரே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், தொழிலும் செய்யலாம். மற்றவர் போட்டுக்கொண்டால் அது குற்றம். முன்னால் ‘ஜூனியர்’ என்று ஒட்டினால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. ‘துணைக் கவுன்சலர்’ என்று வைக்கலாமே என ஒரு சாரார் கேட்டனர், பெரும்பான்மை ஏற்கவில்லை. இனி மையத்தில் அந்தப் பணியின் பெயர் ‘ஆதரவுப் பணியாளர்’.

2. கதவு

அதற்காகப் பட்டம் இல்லாதவர் இந்தப் பக்கமே வரக்கூடாது என்ற வாதத்தையும் சங்கம் ஏற்கவில்லை. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசி உதவிச் சேவை 1970 முதல் தன்னார்வலர்களைக் கொண்டே இயங்குகிறது. அவர்களிடம் பட்டம் கேட்பதில்லை; பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்கள் செய்வதும் காது கொடுத்துக் கேட்பதுதான். அதைக் கவுன்சலிங் என்று சொல்லிக்கொள்வதில்லை. கொழும்பில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோவும் சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகாவும் அதே வழியில் வந்தவை. கோவாவில் ‘சங்கத்’ அமைப்பு, மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. அதன் பலன் 2010இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஜிம்பாப்வேயில் டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர்கள் பாட்டிமார்கள். இவற்றில் எங்கும் ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு மேலதிகாரி வீட்டுக்குப் போய்விடவில்லை. பயிற்சி உண்டு, மேற்பார்வை உண்டு.

நம் வட்டாரத்திலும் அப்படிப்பட்ட படிகள் இருக்கின்றன. சிறுவர் இல்லத்தில் பராமரிப்பாளர், பெண்கள் காப்பகத்தில் இரவுப் பணியாளர், போதை மறுவாழ்வு இல்லத்தில் உதவியாளர், ஆட்டிசம் மையத்தில் பிள்ளையோடு கூடவே இருக்கும் துணை ஆள், சிறப்புக் கல்வி வகுப்பில் மாணவர் நிர்வாக உதவியாளர், தொலைபேசி உதவிச் சேவையில் தன்னார்வலர். பலவற்றுக்கு எஸ்பிஎம் போதும். இன்று நல்ல பெயரோடு இருக்கும் கவுன்சலர்களில் சிலரும் இந்தப் படியில் கால் வைத்தே மேலே வந்தார்கள் என்பதைக் கூட்டத்தில் கோபப்பட்டவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

3. ‘தோலோங் செகெஜாப்’

இந்தப் பகுதி நீளமாக இருக்கிறது என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். குறைக்க முடியவில்லை.

தமிழ் பேசத் தெரிந்த இளம்பெண் ஒருத்தி மருத்துவமனையிலோ நலத்துறை அலுவலகத்திலோ போலீஸ் நிலையத்திலோ ஏதாவது ஒரு சிறிய வேலையில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பதிவு மேசையில் நம்பர் கொடுப்பவளாக இருக்கலாம். காப்பகத்திலிருந்து யாரையோ அழைத்துவந்தவளாகவும் இருக்கலாம். உள்ளேயிருந்து ஓர் அதிகாரி தலையை நீட்டுவார். “அடேக், தோலோங் செகெஜாப்.” தங்கச்சி, ஒரு நிமிஷம் உதவி பண்ணு. அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரம் ஆகும். கதவு சாத்தப்படும். உள்ளே ஒரு தமிழ்ப் பெண் தன் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஆரம்பிப்பார்.

கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சொன்னதை, இடமும் ஆளும் தெரியாதபடி மாற்றி இங்கே தருகிறோம். சந்தையில் காய்கறி பிரிக்கும் வேலை செய்யும் அம்மா. வயது ஐம்பதுக்கு மேல். “நெஞ்சு அடைக்குதும்மா. யாரோ மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு” என்றார். மொழிபெயர்க்க உட்கார்ந்தவளுக்கு வயது 19. அவளுக்குத் தெரிந்த மலாய்ச் சொல்லைச் சொன்னாள்: ‘சாக்கிட் டாடா’, நெஞ்சு வலி. இதயத் துடிப்பை எடுத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. கேஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்தார்கள். அதே அம்மா இரண்டாம் முறை வந்தபோது அதிகாரி சரியான கேள்வியைக் கேட்டார்: உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா? பெண் திரும்பிப் பார்த்தாள். எதிரே இருப்பவருக்குத் தன் தாயின் வயது. ஒரே கோயிலில் பார்க்கிற முகம். அந்தக் கேள்வி அவள் வாயில் வரவில்லை. “ஆன்ட்டி, நீங்க ஓகேதானே?” என்று கேட்டாள். அவரும் “ஓகேம்மா” என்றார். படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் விழுந்தது.

யாரைக் குறை சொல்வது? அந்தப் பெண்ணையா? அவளுக்கு யாராவது அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு தடவையாவது சொல்லிக்கொடுத்தார்களா? தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும் என்ற பயத்துக்கு இனி சட்டத்தில் இடமில்லை. ஆனால் கேள்வியே தமிழுக்கு வந்து சேராதபோது, சட்டம் திருந்தி அந்த அம்மாவுக்கு என்ன லாபம்?

நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அது பதவி. அதற்குத் தரநிலை, சம்பளம் எல்லாம் உண்டு. ஒரு களவு வழக்கில் சாட்சி சொன்னதை மலாயில் சொல்வதற்கு அரசாங்கம் ஆள் வைத்திருக்கிறது. ஒரு பெண் கணவன் அடித்ததைச் சொல்லும்போதும் ஒரு பையன் கையைக் கீறிக்கொண்டதைச் சொல்லும்போதும் அடேக் தோலோங் செகெஜாப் போதும் என்று ஆகிவிட்டது. இதைக் கேவலம் என்று எழுத வேண்டுமா, ‘கவலைக்குரியது’ என்று எழுத வேண்டுமா என்பதில் செயற்குழு பிளவுபட்டது. ஆகவே, இது மிகவும் கவலைக்குரியது.

வெளியே வந்தபின் அவள் நிலையையும் சொல்ல வேண்டும். கேட்டதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். யாரிடம் சொல்லலாம் என்பது தெரியாது. மேற்பார்வையாளர் இல்லை, பதிவேட்டில் பெயர் இல்லை, அந்த மணிநேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. இரவு தூக்கம் வராது. மறுநாள் காலை மறுபடியும் நம்பர் கொடுக்க உட்காருவாள். சேவை மனப்பான்மை என்று இதற்கு ஒரு மாலை போட்டு முடிப்பது நம் சமூகத்தின் வழக்கம். நமது சங்கமும் போட்டிருக்கிறது, ஆண்டுவிழா மேடையில், பொன்னாடையோடு.

சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: கவுன்சலிங் அறையில் தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு வேலை. அதற்குப் பயிற்சி வேண்டும், கூலி வேண்டும், முடிந்தபின் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். தெரிந்த குடும்பமாக இருந்தால் மறுக்கும் உரிமையும் அவளுக்கு வேண்டும். மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா போன்ற அமைப்புகளிடம் நிதி கேட்கும் சங்கங்கள் இனி தங்கள் செலவுத் திட்டத்தில் இதற்குத் தனி வரி போட வேண்டும். நமது சங்கத்தின் அடுத்த விண்ணப்பத்தில் அந்த வரி இருக்கும்.

4. சம்பளம்

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இலிருந்து 1,700 ரிங்கிட். ‘படி’ என்று எழுதினால் அந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்தது யாரோ வெளியாள் அல்ல, நாமே. முழுநேரம் வேலை செய்பவருக்கு முழுச் சம்பளம். படிப்பின் பகுதியாகப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. போக்குவரத்தும் சாப்பாடுமாவது கொடுக்கப்படும், மீதி நிதிநிலையைப் பொறுத்து முடிவு செய்யப்படும்.

5. மேற்பார்வை

ஆதரவுப் பணியாளர் யாரும் தனியாக ஒரு வழக்கை எடுக்க மாட்டார். வாரம் ஒருமுறை பதிவு பெற்ற கவுன்சலரோடு உட்கார்ந்து பேசுவது பணி நேரத்திலேயே நடக்கும். பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுவதாகக் காதில் விழுந்தால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும்; ‘குடும்ப விஷயம்’ என்று யாரும் அமுக்கக்கூடாது.

6. படிப்பு

விண்ணப்பித்த பட்டதாரிகளில் பலருக்கு யாரும் சொல்லாத ஒன்று: சைக்காலஜி பட்டம் மட்டும் இருந்தால் கவுன்சலராகப் பதிய முடியாது. கவுன்சலர் வாரியம் ஏற்கும் கவுன்சலிங் பட்டமோ முதுகலையோ வேண்டும். அந்தப் படிப்புக்குள்ளேயே நேரடிப் பயிற்சியும் உண்டு. மருத்துவ உளவியலாளர் வேறு, அவர் 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் வருபவர். அரசாங்க உளவியல் அதிகாரி, பழைய தரம் எஸ்41, இப்போது எஸ்9, இன்னொரு வழி. மூன்று நான்கு வருடக் கட்டணம் கட்டி முடித்தபின் இதைத் தெரிந்துகொண்டு மையத்தில் அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் வாரியத்திடம் கேளுங்கள் என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் தன் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொல்ல வேண்டும்.

7. தமிழ்ப்பள்ளி

150க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர் தேவை என்பது சங்கத்தின் பழைய கோரிக்கை. அது அப்படியே நிற்கிறது.

பள்ளிக்கு உள்ளேயும் வெளியேயும் தேவை பெரிது. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினர் மனச்சோர்வு உள்ளவர்கள். 2019இல் அது 2.3 விழுக்காடு. 2022இல் பள்ளி மாணவர்களிடம் எடுத்த ஆய்வில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வுடன் இருப்பது தெரிந்தது. இந்த எண்களைக் காட்டி ‘ஆள் போதவில்லை, அதனால் யாராக இருந்தாலும் சரி’ என்று செயற்குழுவில் வாதம் வந்தது. ஆள் போதாததற்குக் காரணம் தொடக்கத்தில் வருபவரைப் பிழிந்து அனுப்புவதுதான் என்று பதிலும் வந்தது. இரண்டும் பதிவாகியுள்ளன.

புதிய விளம்பரம் அடுத்த வாரம் பலகையில் வரும்: ‘ஆதரவுப் பணியாளர் இருவர். எஸ்பிஎம். தமிழும் மலாயும் பேச வேண்டும். சம்பளம் 1,700 ரிங்கிட், இபிஎஃப், சொக்சோ உண்டு. முதல் இரண்டு மாதம் பயிற்சி. மொழிபெயர்ப்பு நேரத்துக்குத் தனிக் கூலி.’ நிதி ஓர் ஆளுக்குத்தான் இருக்கிறது என்று பொருளாளர் எழுத்தில் தெரிவித்துள்ளார். இரண்டாவது ஆளுக்கான தொகையை உறுப்பினர்களிடமிருந்து திரட்டும் தீர்மானம் பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. எதிர்ப்புள்ளவர்கள் அதற்கு முன் செயலாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம்.

இதற்கிடையில் மையத்துக்கு வரும் யாருக்கும் உடனே பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929 ஆகிய எண்கள் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டுள்ளன. அந்த இடத்தில் முன்பு இருந்த ‘மாதப் படி 800 ரிங்கிட்’ தாள் கிழிக்கப்படவில்லை. கூட்டக் குறிப்போடு சேர்த்துக் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.