வண்ண இலையும் வாய்மையும்

புதுச்செடி ஒன்றை உண்டாக்குதல் அரிது. உண்டாக்கிய செடியை உள்ளவாறு எடுத்துரைத்தல் அதனினும் அரிது. இவ்விரண்டனுள் முன்னையதற்கே உலகம் புகழ் வழங்குகின்றது. பின்னையதனைக் கணக்கெழுதுவது போன்றதொரு சிறுபணியென எளிதாய்க் கருதிவிடுகின்றது. இக்கருத்துப் பிழையென்பதும், வருணனை பழுதுபடின் செடி வளர்ப்போர் பல்லாண்டு உழைத்த உழைப்பும் உடன் பழுதுபடும் என்பதும் யாம் ஈண்டு கூறக் கருதுவன. இவற்றை விளக்குதற்கு ஹோஸ்டா என்னும் செடியை எடுத்துக்கொள்வோம்.

ஹோஸ்டா நம்மவருட் பலர் கண்டிராத செடி. ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகளும் ருஷ்யாவின் கீழ்க்கோடியும் அதற்குத் தாயகம். பனிக்காலத்தில் மேற்பகுதி முழுதும் மடிந்து, வேர்க்கட்டு மட்டும் மண்ணுள் உறங்கி, இளவேனிலில் சுருண்ட குருத்துகளாய் மீண்டும் எழுவது அதன் இயல்பு. அக்குளிர்த்துயில் இன்றி அது செழியாதாகலின், நமது சமவெளித் தோட்டங்களில் அதற்கு இடமில்லை. மலர் உண்டாயினும் அதனை வளர்ப்போர் விரும்புவது இலையையே. நீறு பூத்தாற்போன்ற நீலப்பச்சையும், பொன்மஞ்சளும், பால்வெண்மையும் ஓரிலையிலேயே கலந்து நிற்கும் வகைகள் நிழல் மிக்க தோட்டங்களுக்கு ஒளியூட்டுவன. ஜப்பானியர் அதனைக் கிபோஷி என்பர். பாலத்தின் கைப்பிடித் தூண்களுக்கு முடியாய் வைக்கும் குமிழுக்கு அப்பெயர் உண்டு. செடியின் மொட்டு அக்குமிழை ஒத்திருத்தலின் அது செடிக்கும் ஆயிற்று. நிறம் கலந்த இலைகளையுடைய செடிகளைத் தேடிப் போற்றும் வழக்கம் அந்நாட்டில் பழமையானது. 1829-ஆம் ஆண்டிலேயே அத்தகைய செடிகளுக்கென்று சோமோகு கின்யோஷூ என்னும் படநூல் அங்கு வெளிவந்தது.

இச்செடி ஐரோப்பியர் கைக்கு வந்தபின் பெயரளவிலேயே பட்ட பாடு பெரிது. 1812-ஆம் ஆண்டில் டிராட்டினிக் என்பார், வியன்னா நகரத்து மருத்துவரும் தாவரநூல் வல்லாருமாகிய ஹோஸ்ட் என்பவர் நினைவாக இதற்கு ஹோஸ்டா எனப் பெயரிட்டார். 1817-ஆம் ஆண்டில் ஷ்ப்ரெங்கல் என்பார் இதனையே ஃபுங்கியா என்றார். 1905-ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய தாவரநூலார் பேரவை முன்னைய பெயரையே நிலைநிறுத்தியும், ஜெர்மானியத் தோட்டக்காரர் நாவினின்று பின்னைய பெயர் இன்னும் நீங்கவில்லை. இஃதொரு புறம். மற்றொரு புறம், ஜப்பானியர் தம் தோட்டங்களில் நெடுங்காலமாகப் பேணி வந்த வகைகள் சிலவற்றை ஐரோப்பிய அறிஞர் காட்டில் தாமே விளைந்த இனங்களென்று எண்ணி, அவ்வாறே எழுதி வைத்தனர். அலைபோல் நெளிந்த வெண்பச்சை இலையையுடைய உண்டுலாட்டா அவற்றுள் ஒன்று. அத்தவற்றைத் திருத்தி, அவை தோட்டத்துப் பிறந்த வகைகளேயென ஜார்ஜ் ஷ்மிட் என்பார் தம் பெருநூலில் வகுத்தது 1991-ஆம் ஆண்டிலேயாம். செடி எங்கிருந்து வந்தது, எவர் வளர்த்தது என்னும் ஒரு குறிப்பு தொடக்கத்தில் உடன் வந்திருப்பின், இத்துணைக் காலமும் உழைப்பும் வீணாகியிரா.

நிற்க. இலையில் நிறம் கலப்பது எங்ஙனம்? குருத்தின் நுனியில் வளரும் உயிரணுக்கள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. அவ்வடுக்குகளுள் ஒன்றில் பச்சையம் ஆக்கும் ஆற்றல் கெடுமாயின், அவ்வடுக்கினின்று உருவாகும் பகுதி மஞ்சளாகவோ வெண்மையாகவோ அமைகின்றது. ஏனைய பகுதி பசுமை குன்றாது நிற்கின்றது. எனவே நாம் அழகெனப் போற்றுவது செடிக்கு ஒரு குறையே. பச்சையமற்ற பகுதி தனக்கு வேண்டும் உணவைத் தானே ஆக்கமாட்டாது. பசும்பகுதி தனக்கும் அதற்குமாக உழைக்கின்றது. ஆதலின் வெண்மை மிகுந்த செடி மெல்ல வளரும். இலையின் நடுவில் வெண்மை கொண்ட வகைகளில் அவ்வெண்பகுதி வேனிலில் கருகி ஒழிதலும் உண்டு.

இத்தகைய மாறுதல் வளர்ந்து நிற்கும் புதரின் ஒரு குருத்திலேயே சிலபோது தோன்றிவிடும். அதனைக் குருத்துத் திரிபு எனலாம். 1936-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹோஸ்டாக்கள் வரிசையாய் நின்ற நாற்றுப்பண்ணை ஒன்றில், ஒரு செடி மட்டும் மஞ்சள் ஓரம் பெற்று நிற்கக் கண்டார் பிரான்சிஸ் வில்லியம்ஸ் என்னும் அம்மையார். அதனைத் தம் தோட்டத்திற் கொணர்ந்து வளர்த்தார், பிறர்க்கும் அனுப்பினார். பின்னாளில் இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு தாவரத் தோட்டத்தார் அச்செடிக்கு அவர் பெயரையே சூட்டினர். இன்றும் அது உலகப் புகழ் பெற்ற வகைகளுள் ஒன்று. ஆயின் இளவேனிலில் அதன் மஞ்சள் ஓரம் பழுப்பேறிக் கருகும் குறையுடையது என்பதும் வளர்த்தார் அனைவரும் அறிந்ததே.

திரிபுக்குக் காத்திராது கலப்பினால் புதுவகை உண்டாக்குவார் வழி வேறு. ஹோஸ்டாவின் மலர் ஒரு நாளே வாழும். வளர்ப்போர் தேனீ வருமுன் எழுந்து, தாய்ச்செடியின் மலரிலுள்ள ஆறு மகரந்தத் தாள்களையும் களைந்து, தாம் தேர்ந்த தந்தைச்செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பெற்றோர் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டுவர். இங்கிலாந்தில் எரிக் ஸ்மித் என்பார் 1961-ஆம் ஆண்டில், இலையுதிர் காலத்திற் பூக்கும் சிறு ஹோஸ்டா ஒன்றையும் பெரிய நீல இலை ஹோஸ்டா ஒன்றையும் இங்ஙனமே கலந்தார். அக்கலப்பிற் பிறந்தவற்றை அவர் முதலில் எண்களாலேயே குறித்து வந்தார். ஹால்சியன் முதலிய பெயர்கள் பின்னர் வந்தவை. எண் முதலிலும் பெயர் பின்னரும் வந்த அம்முறை யாம் பெரிதும் மதிப்பது.

நிறக்கலப்பை விதை வழியாய்ப் பெற விரும்புவார்க்கு இடர் இன்னும் மிகுதி. ஓரத்தில் மட்டும் நிறம் நிலைத்த செடியின் விதையில் அந்நிறக்கலப்புப் பொதுவாய் வருவதில்லை. இலை முழுதும் ஒழுங்கின்றிக் கீற்றுக் கீற்றாய் நிறம் சிதறிய செடியே தாயாதல் வேண்டும். பச்சையத்தைத் தாங்கும் கணிகங்கள் தாய்வழியே மகவுக்குச் செல்வனவாகலின், தந்தை கீற்றுடையதாயிருத்தலாற் பயனில்லை. அங்ஙனம் பிறந்த நாற்றுகளுள் முற்றும் வெண்மையானவை உணவின்றிச் சில நாளில் மடியும். கீற்றுடன் எஞ்சுவனவும் நிலையுடையன அல்ல. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நிறம் இலையின் ஓரத்திலோ நடுவிலோ ஒதுங்கி நிலைபெறும். அன்றி முற்றிலும் மறையும். ஆகவே மூன்றாம் ஆண்டிற் கண்டதே முடிவென எண்ணிப் பெயர் சூட்டுவோன், ஐந்தாம் ஆண்டில் தன் கூற்றைத் தானே மறுக்க நேரும்.

இனி, அவசரத்தின் விளைவு எத்துணைக் கொடிதாதல் கூடும் என்பதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். புள்ளியும் தெறிப்புமாய்ப் புதுமை காட்டிய சில ஹோஸ்டாக்கள் புதுவகைகளெனப் பெயர் பெற்றுச் சந்தைக்கு வந்தன. பிரேக்டான்ஸ், லெப்பர்ட் ஃப்ராக், லூனசி என்பன அப்பெயர்களுட் சில. 1996-ஆம் ஆண்டில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பென்ஹாம் லாக்ஹார்ட் என்பார் ஹோஸ்டாவைப் பற்றும் வைரஸ் ஒன்றைக் கண்டறிந்தார். அதற்கு ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் எனப் பெயராயிற்று. அதன்பின்னரே உண்மை வெளிப்பட்டது: மேற்கூறிய செடிகளின் வண்ணம் இயல்பான வண்ணமன்று, நோயின் குறி. நரம்பை ஒட்டி மை கசிந்தாற்போல நிறம் பரவுதலும், இலை திட்டுத் திட்டாய்ப் புடைத்தலும் அந்நோயின் அடையாளங்கள். அது செடியின் சாற்றால் பரவுவது. நோயுற்ற செடியை அறுத்த கத்தியால் நல்ல செடியை அறுப்பின் அதுவும் நோயுறும். தொற்றிய செடி ஆண்டுக்கணக்கில் குறி காட்டாதிருத்தலும் உண்டு. மருந்து இல்லை; பிடுங்கி அழித்தலே வழி. அழகெனக் கருதி அதனைப் பகுத்துப் பகுத்து நட்டவர் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே நோயைப் பயிரிட்டவராயினர்.

இது முன்னும் நிகழ்ந்த பிழையே. பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டார் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கீற்று டியூலிப் மலர்களின் வண்ணமும் நோயால் வந்ததே. அது தொற்றுவதென டாரதி கேலி என்னும் அம்மையார் நிறுவியது 1928-ஆம் ஆண்டில். நம் நாட்டு உழவனோ இவ்வகையில் ஏமாறான். வெண்டையின் இலையில் நரம்பெல்லாம் மஞ்சளோடக் கண்டால், அதனைப் புதுவகையென்று புகழான். தேமல் நோயென்று அறிந்து வேரோடு பிடுங்கி எறிவான். அவன் செடியைப் பயன்நோக்கிப் பார்க்கின்றான். ஆதலின் அதன் நலமும் கேடும் அவன் கண்ணுக்குப் புலனாகின்றன. வியப்பு நோக்கிப் பார்ப்பவன் கண்ணுக்கு அவை புலனாவதில்லை.

புதுவகைகளைப் பதிவு செய்ய ஏற்பாடு இல்லையோவெனின், உண்டு. வளர்ப்புச் செடிகளின் பெயர்களுக்கென உலகப் பொதுவிதி நூல் 1953-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது. 1959 முதல் புதுவகைக்கு இலத்தீன் மொழியிற் பெயரிடலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அமெரிக்க ஹோஸ்டாக் கழகம் 1968-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆயினும் பதிவேடு என்பது தேர்வுக்குழு அன்று. செடி நல்லதா தீயதா, நிலைக்குமா நிலையாதா என்று அது சோதிப்பதில்லை. வளர்த்தவர் எழுதித் தந்ததை ஏற்றுப் பதிகின்றது. எனவே முழுப்பொறுப்பும் எழுதித் தருபவர் வாய்மைமேலேயே நிற்கின்றது.

வருணனை எங்ஙனம் இருத்தல் வேண்டும்? "கண்டார் உள்ளத்தைக் கொள்ளைகொள்ளும் ஒப்பற்ற வண்ணம்" என்பது வருணனை அன்று. விற்பவன் கூவும் கூச்சல். யாம் விரும்பும் முறைக்கு ஒரு மாதிரியைப் புனைந்து காட்டுவோம்: "ஐந்தாண்டு முதிர்ந்த புதர், உயரம் 45, அகலம் 100 சென்டிமீட்டர். இலையின் நீளம் 20, அகலம் 15. நரம்பு பத்து இணை. அடி இதய வடிவினது. நடுப்பகுதி நீலப்பச்சை; ஓரம் 2 சென்டிமீட்டர் அளவுக்கு மஞ்சள், கோடையில் வெண்மையாகும். மலர்த்தண்டு 60, மலர் வெளிர் ஊதா, ஜூலைத் தொடக்கத்திற் பூக்கும், காய் பிடிக்கும். நேர்வெயிலில் ஓரம் கருகும். சிற்சில குருத்துகள் முழுப்பச்சைக்குத் திரும்பும், அவற்றை அகற்றுக." இதில் அணியலங்காரம் யாதும் இல்லை. ஆயினும் இதனைப் படித்தவன் நூறு செடிகளிடையே அச்செடியைத் தேடிக் கண்டுகொள்வான். நிறத்தை வாய்ச்சொல்லால் மட்டும் கூறாது, இங்கிலாந்து அரச தோட்டக்கலைக் கழகத்தின் நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணாற் குறித்தல் இன்னும் நன்று.

ஆகவே எமது கருத்து இது. முதலாவது, புதுச்செடி குறைந்தது ஐந்தாண்டு வளர்ந்து, ஒருமுறையேனும் பகுத்து நடப்பட்டு, பகுத்த பகுதிகளும் ஒத்த வண்ணமே காட்டும்வரை அதற்கு எண் போதும், பெயர் வேண்டா. இரண்டாவது, அதனை மிக ஒத்த பழைய வகையை அருகே நட்டுப் பார்த்து, வேறுபாடு இன்னதென ஒரு வாக்கியத்திற் கூற இயலாதாயின், அது புதுவகை அன்று. மூன்றாவது, நோய் இல்லையெனச் சோதித்து அறிந்தபின்னரே அது தோட்டத்தைவிட்டு வெளியேறல் வேண்டும். நான்காவது, குணத்தை எழுதும் அதே மையால் குற்றத்தையும் எழுதுதல் வேண்டும்.

இதனை மறுப்பாரும் உளர். "தோட்டம் இன்பத்திற்காக, ஆய்வுக்கூடம் அன்று. பிறர் முந்திக்கொள்வாராயின் ஐந்தாண்டு உழைத்தவன் கதி யாது?" என்பர். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தன் வீட்டு நிழலில் தான் கண்டு மகிழ ஒருவன் எச்செடியையும் எப்பெயராலும் வளர்க்கலாம். அவனைத் தடுக்க யாம் யார்? ஆயின் பெயரிட்டுப் பிறர்க்கு விற்ற அக்கணமே அது வாக்குறுதி ஆகின்றது. நிழலுக்கென வாங்கிய ஏழைத் தோட்டக்காரன் அவ்வாக்கை நம்பியே பொருள் தருகின்றான். மூன்றாண்டு நீர் வார்க்கின்றான். நான்காம் ஆண்டில் வண்ணம் மறைந்து வெறும் பச்சையாய் நிற்பின், அல்லது நோய் பரவித் தோட்டமே அழியின், அவன் இழந்தது பொருள் மட்டுமன்று. அடுத்த வருணனையை நம்பும் மனத்தையும் இழக்கின்றான். முந்துபவன் பெறும் புகழ் ஒருவனுக்கு. பிந்தி வரும் நட்டம் பலருக்கு.

மாணவ நண்பர்களே, இக்குளிர்நாட்டுச் செடியை இத்துணை விரித்துரைத்தது ஏன் என வினவுவீர்கள். உங்கள் தாவரநூல் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். செம்பருத்தி மலரை வெட்டி நீங்கள் வரைந்த படம், உங்கள் மேசைமீதிருந்த மலரின் படமா, அல்லது சென்ற ஆண்டு மாணவர் குறிப்பேட்டிலிருந்த மலரின் படமா? மேசைமீதிருந்த மலரில் ஓரிதழ் குறைந்திருப்பின், குறைந்ததாகவே வரைந்தீர்களா, அல்லது மதிப்பெண் கருதி ஐந்தாக்கினீர்களா? நோயை வண்ணமென்று எழுதியவரும் கயவர் அல்லர். காண விரும்பியதைக் கண்டனர், கண்டதாக எழுதினர், அவ்வளவே. அப்பழக்கம் பெருந்தோட்டங்களில் தொடங்குவதில்லை. ஆய்வுக்கூடத்துச் சிறு மேசையிலேயே தொடங்குகின்றது. அம்மேசையிலேயே அதனை விட்டொழித்தலும் ஆகும். ஓரிதழ் குறைந்த மலரை ஓரிதழ் குறைந்ததாகவே வரைந்து தருபவர்க்கு ஒரு மதிப்பெண் கூடுதலாய் அளிக்குமாறு ஆசிரியர்களையும் வேண்டிக்கொண்டு இதனை முடிக்கின்றோம்.