கபுருக் கல்லும் குடும்பக் கொப்பியும்



உங்கள் உம்மாவின் உம்மாவுடைய பெயர் உங்களுக்குத் தெரியும். அவரைப் பெற்றவரின் பெயர் தெரியுமா? அவர் எந்த ஆண்டில் வபாத்தானார், எந்த மையவாடியில் அடக்கப்பட்டார்? இரத்மலானையிலும் தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நமது குடும்பங்களில் இதற்கு உடனே பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு. "அது தெரிந்து என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் கேட்கலாம். வம்சப் பெருமை பேசுவதற்கு என்றால் அது தேவையே இல்லை. ஆனால் சொந்த பந்தத்தைச் சேர்ந்து நடக்கவும், வாரிசுச் சொத்தைச் சரியாகப் பங்கிடவும், ஒரு கலியாணம் கூடுமா கூடாதா என்று அறியவும் அது வேண்டும். உறவினரைச் சேர்ந்து நடக்கத் தேவையான அளவுக்கு வம்சாவளியைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பது திர்மிதீயில் வருகிறது.

நமக்கு இல்லாத பதிவேடுகள்

கொட்டாஞ்சேனையில் வுல்பெண்டால் தேவாலயத்தைக் கண்டிருப்பீர்கள். ஒல்லாந்தர் 1757ஆம் ஆண்டில் திறந்த தேவாலயம் அது. கோட்டையில் இருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்களை 1813இல் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஒல்லாந்தர் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் ஏட்டில் பதிந்தார்கள். ஊர்ப் பாடசாலைகளில் எழுதப்பட்ட அந்தப் பதிவுகளுக்குத் தோம்பு என்று பெயர். அவற்றில் எஞ்சியவை கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. கல்லையும் ஏட்டையும் வைத்துப் பறங்கியர் குடும்பங்கள் பல தலைமுறைகளை எழுதிக்கொண்டன.

நமக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஆகவே அந்த ஞானஸ்நான ஏடுகளில் நம் முன்னோரைத் தேடிப் பயனில்லை. பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒழுங்குக்கு வந்தது. முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்கான கட்டளைச் சட்டம் 1886இல் வந்தது. பின்னர் 1929இலும் 1951இலும் புதிய சட்டங்கள் வந்தன. சட்டம் வந்த பிறகும், வீட்டில் மருத்துவிச்சி கையில் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் பதியப்படவில்லை. பழைய விவாகப் பதிவைப் பார்த்தால் பெரும்பாலும் வலீயின் கையொப்பமே இருக்கும். மணமகளின் கையொப்பம் இராது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சகோதரர்கள் பலர் காணி உறுதிகளையும் அத்தாட்சிப் பத்திரங்களையும் இழந்தே வந்து சேர்ந்தார்கள்.

கல் எவ்வளவு உதவும்?

சரி, மையவாடியில் கல் இருக்கிறதே என்பீர்கள். உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரழி) அவர்கள் அடக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தம் கைகளாலேயே ஒரு கல்லைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கபுரை அறிந்துகொள்ளவும், தம் குடும்பத்தில் வபாத்தாகிறவர்களை அருகில் அடக்கவும் அந்த அடையாளம் என்றார்கள். இது அபூதாவூதில் உள்ளது. கபுரைப் பூசுவதையும் அதன்மேல் கட்டுவதையும் எழுதுவதையும் தடுக்கும் ஹதீஸும் உண்டு. எனவே ஷாபிஈ மத்ஹபில் அடையாளக் கல் வைப்பது சுன்னத்து, எழுதுவது மக்ரூஹ். அறிந்துகொள்வதற்கு வேண்டிய அளவு பெயர் எழுதலாம் என்று பிற்கால இமாம்கள் சிலர் இடம் கொடுத்தார்கள். பொது மையவாடியில் பழைய மையித்து மண்ணாகிய பின் அதே இடத்தில் வேறொருவரை அடக்குவதும் ஆகுமானதே. இதனால் பெயர் பொறித்த மீஸான் கல் எல்லோருக்கும் இல்லை, இருந்தாலும் நிலைப்பதில்லை.

கொழும்பிலேயே இதற்குச் சான்று உண்டு. காலித் இப்னு அபீ பகாயா என்பவரின் கபுருக் கல் இங்கே இருந்தது. கூஃபி எழுத்தில் பொறித்த அந்தக் கல் ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைமை. ஒல்லாந்தர் காலத்தில், 1787ஆம் ஆண்டளவில், அதை எடுத்துக் கட்டடமொன்றுக்குப் படிக்கல்லாகப் போட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பிரதம நீதியரசராயிருந்த சர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதன் பிரதியை இங்கிலாந்துக்கு அனுப்ப, சாமுவேல் லீ என்ற அறபுப் பேராசிரியர் படித்தார். 1827இல் அது அச்சில் வந்தது. கல்லை மிதித்துத் தேய்த்தாலும், பிரதி எடுத்ததால் பெயர் பிழைத்தது.

உங்கள் குடும்பத்துப் பழைய கல் எங்காவது இருந்தால், மகனையோ தம்பியையோ அனுப்பிப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். 'இப்னு' என்றால் மகன், 'பின்த்' என்றால் மகள். ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால், அதை 33ஆல் வகுத்து, வந்ததை அதே ஆண்டிலிருந்து கழித்து, 622ஐக் கூட்டுங்கள். ஹிஜ்ரி 1390ஐ 33ஆல் வகுத்தால் 42, கழித்தால் 1348, 622ஐக் கூட்டினால் 1970. ஓர் ஆண்டு முன்பின் வரலாம். இன்னொன்று, நமக்கு நிரந்தரக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே ஆள் உறுதியில் லெப்பை என்றும், விவாகப் பதிவில் மரைக்கார் என்றும் இருக்கக்கூடும். தகப்பன் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் தெரியும்.

ஒரு நாள் முந்தினால்

தேதியில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மரணசாசனமின்றி வபாத்தாகும் முஸ்லிமின் சொத்துக்கு அவருடைய மத்ஹபின் சட்டமே பொருந்தும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. ஒரு வாப்பாவுக்கு மனைவியும் பெற்றோரும் முன்பே இல்லை; ஒரு மகனும் இரண்டு மகள்மாரும் என்று வையுங்கள். வீட்டை 4 பங்காக்கி மகனுக்கு 2, மகள்மாருக்கு ஒவ்வொன்று. மகள்களில் ஒருத்தி வாப்பாவுக்கு முன்பே வபாத்தாகியிருந்தால், 3 பங்காக்கி மகனுக்கு 2, மற்ற மகளுக்கு 1. முந்தியவளின் பிள்ளைகளுக்கு வாரிசாக எதுவும் வராது. பாட்டனார் வஸிய்யத்து செய்திருந்தால்தான் உண்டு. ஆனால் அவள் வாப்பாவுக்கு ஒரு நாள் பிந்தி வபாத்தாகியிருந்தால், அவளுடைய நாலில் ஒரு பங்கு அவள் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. ஐம்பது வருடம் பங்கிடாமல் கிடந்த வீட்டை விற்கப் போகும்போது, யார் முந்தியது என்று சொல்ல ஒருவரும் இல்லாவிட்டால், அநாதைகளின் ஹக்கு யார் கையில் போகும்? 2004 சுனாமியைப் போல ஒன்றாக இறந்து, முந்தியவர் யாரென்று அறியவே முடியாவிட்டால், அவர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாவதில்லை என்பது சட்டம்.

பால்குடி உறவோ எந்தக் கல்லிலும் எந்தக் கந்தோரிலும் கிடையாது. இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை தனித்தனியாகப் பாலூட்டினால், ஷாபிஈ மத்ஹபில் அவள் தாயாகிவிடுகிறாள். அவள் பிள்ளைகள் சகோதரராகிவிடுகிறார்கள். பிரசவத்தில் சுகமில்லாத ராத்தாவின் பிள்ளைக்குச் சாச்சி பால் கொடுத்தது பெண்களுக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லாமல் அவர்கள் போய்விட்டால், இருபது வருடத்தில் கலியாணப் பேச்சு எழும்போது தடுக்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே சகோதரிகளே, ஒரு கொப்பி வாங்குங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் வையுங்கள். முழுப் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த தேதி, நிக்காஹ் நடந்த தேதியும் ஊரும், வபாத்தான தேதி, அடக்கிய மையவாடி, பாலூட்டியவர் யார் என்று எழுதுங்கள். வீட்டில் மூத்தவரிடம் இந்த வாரமே போய் இருந்து கேளுங்கள். பள்ளிவாசலில் மையவாடிப் பதிவேடு இருந்தால் பார்த்துவரச் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழ்களின் பிரதியைக் கொப்பியோடு வையுங்கள். காதால் கேட்டதையும் பத்திரத்தில் கண்டதையும் வேறு வேறாகக் குறியுங்கள்.

2020இலிருந்து 2021 பெப்ரவரி வரை நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அரசாங்கம் 2024இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த மரணித்தோருக்குக் கல் வைக்கக் கபுரே இல்லை. அதன்பின் ஒரு வருடம் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தூரத்து ஓட்டமாவடியில் அடக்கப்பட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதி, பிள்ளைகளை துஆ செய்யச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நமது முன்னோரின் கபுர்களை ஒளிமயமாக்கி, கபுரில்லாதவர்களுக்கும் தன் ரஹ்மத்தைச் சொரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.