கிராக்கி போனாலும் கஷ்டம், வந்தாலும் கஷ்டம்!

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும்போது, கூப்பிய கைகளைவிடக் கைபேசியைத் தூக்கிப் பிடித்த கைகளே அதிகம்! 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி இதே ஸ்ரீரங்கத்தையும் திருச்சியையும் படம் பிடித்தபோது, ரசாயனம் தடவிய காகிதத்தையே நெகடிவாகக் கொண்டார். பின்னால் பிலிம் சுருள் வந்தது. திருச்சி ஸ்டூடியோக்களில் கல்யாணம், காதுகுத்து எல்லாம் அதில்தான் பதிவாயின. இன்று சுருள் கேட்டு வருவோர் அபூர்வம்.

கிராக்கி குறைந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்! ஹோட்டலில் கூட்டம் குறைந்தால் மாவைக் குறைத்து அரைக்கலாம். பிலிம் அப்படியல்ல. ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்த பசையை, அகலமான பிளாஸ்டிக் தாளின்மீது மயிரிழைக்கும் மெல்லியதாக, கும்மிருட்டில், ஒரே சீராகப் பூச வேண்டும். அந்த ராட்சத யந்திரம் ஓடத் தொடங்கினால் மைல் கணக்கில் சரக்கு வந்து விழும். அதை ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்கவும் முடியாது. பிலிமுக்குக் காலாவதித் தேதி உண்டு. யந்திரத்தைச் சும்மா நிறுத்தினாலோ, சம்பளமும் வட்டியும் நிற்பதில்லை.

இந்த வேதனையை நம் உதகமண்டலம் நன்கு அறியும். குளிர்ச்சியும் தூசியற்ற காற்றும் உள்ள இடம் என்று மத்திய சர்க்கார் 1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியை அங்கே தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் ஒத்துழைப்புடன் 1967-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் வெளிவந்தன. கொஞ்ச காலத்தில் சினிமா வர்ணத்துக்கு மாறிவிட்டது! பிறகு கடன் வாங்கி, பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்குப் புதிய ஆலை போட்டார்கள். அது எழும்புவதற்குள் 1991-ன் பொருளாதார மாற்றம் வந்தது. வெளிநாட்டுச் சரக்குடன் போட்டி கடுமையாயிற்று. 1990-களின் மத்தியிலேயே அது நலிந்த தொழிற்சாலை. 2014-ல் எஞ்சிய தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுக்க மத்திய மந்திரி சபை இசைந்தது. திட்டம் போட்ட நாளின் கிராக்கி வேறு, ஆலை எழும்பிய நாளின் கிராக்கி வேறு. தொழிலாளர் என்ன செய்வார்கள், பாவம்!

வேடிக்கை என்னவென்றால், 2012-ல் திவால் மனுச் செய்த அமெரிக்கக் கோடாக் கம்பெனி, இப்போது இளைஞர்களுக்குப் பிலிம் மோகம் திரும்பியதால் ஆள் தேடியது. பழைய கைகாரர்களை வெளியே அனுப்பி வெகு நாளாகிவிட்டதே! புதியவர்களை எடுத்துப் பழக்கினார்கள். 2024 நவம்பரில், கூடுதல் கிராக்கியைச் சமாளிக்க யந்திரங்களைச் செப்பனிடுவதற்காகவே பிலிம் உற்பத்தியைச் சில வாரம் நிறுத்தி வைத்தார்கள்.